ஆங்கிலத்தில் விதிமுறை இலக்கணமும் மொழி வழக்கும்

ஆங்கிலத்தில் விதிமுறை இலக்கணத்துக்கும் மொழி வழக்குக்கும் இடையிலான முரண்பாடு என்பது, ஆங்கிலம் எவ்வாறு பேசப்படவும் எழுதப்படவும் வேண்டும் எனக் கூறும் விதிகளுக்கும், அம்மொழியைப் பேசுவோர் அதனை உண்மையில் பயன்படுத்தும் முறைக்கும் இடையே 17 ஆம் நூற்றாண்டு முதல் நிலவிவரும் கருத்து வேறுபாட்டைக் குறிக்கும். மொழி இவ்வாறு இருக்க வேண்டும் என வரையறுப்பது விதிமுறை இலக்கணம் எனப்படும். மொழி எவ்வாறு இருக்கிறது எனக் கண்டு விளக்குவது விளக்கமுறை இலக்கணம் எனப்படும்.

இம்முரண்பாடு ஆங்கில இலக்கணம் முழுவதையும் பற்றியது அன்று. முன்னிடைச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைக்கக் கூடாது, இரட்டை எதிர்மறை கூடாது என்பன போன்ற சில விதிகளைச் சுற்றியே பெரும்பாலான வாதங்கள் நடைபெற்று வருகின்றன. இவ்விதிகளுட் பலவற்றை யார், எப்போது, என்ன காரணம் கூறி முன்வைத்தார் என்பதை இன்று அறிய முடிகிறது. அவற்றுட் சில, தனியொருவரின் விருப்பமாகத் தொடங்கிப் பின்னர் பாடநூல்களின் வழியாகச் சட்டம் போன்ற தகுதியைப் பெற்றவை. எனினும், தேர்வு மதிப்பெண், வேலைவாய்ப்பு, நீதிமன்ற விசாரணை ஆகியவற்றில் அவை செலுத்தும் செல்வாக்கு உண்மையானது.

இருவகை விதிகள்

"விதி" என்னும் சொல் இங்கு இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, மொழியைப் பேசுவோர் தம்மை அறியாமலே பின்பற்றும் ஒழுங்கு ஆகும். ஆங்கிலத்தில் "தி" என்னும் சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னரே வரும். "தி டாக்" என்று கூறுவர். "டாக் தி" என்று எவரும் கூறுவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நான்கு வயதுக் குழந்தைக்கும் இதனை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனவே இத்தகைய விதிகளைப் பற்றிச் சர்ச்சை எழுவதில்லை.

இரண்டாவது, தாய்மொழியாகப் பேசுவோருக்கும் எடுத்துக் கூறி நினைவூட்ட வேண்டியிருக்கும் விதியாகும். அவர்கள் அதனைத் தொடர்ந்து மீறுவதனாலேயே அதனைக் கூற வேண்டிய தேவை எழுகிறது. ஒரு மொழியைப் பேசுவோரிற் பெரும்பாலோர், அம்மொழியின் சிறந்த எழுத்தாளர்கள் உட்பட, பல நூற்றாண்டுகளாக ஒரு விதியை மீறி வந்திருந்தால், அதனை அம்மொழியின் விதி எனக் கொள்ளலாமா என்பதே இம்முரண்பாட்டின் அடிப்படைக் கேள்வியாகும்.

வரலாறு

மொழிக் கழகம் இல்லாமை

பிரான்சில் 1635 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கழகம் நிறுவப்பட்டது. அகராதி, இலக்கணம் ஆகியவற்றின் மூலம் பிரெஞ்சு மொழியை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கமாக இருந்தது. இங்கிலாந்திலும் அத்தகைய கழகம் வேண்டும் என்று எழுத்தாளர் ஜோனதன் சுவிஃப்ட் 1712 ஆம் ஆண்டில் வெளியிட்ட முன்மொழிவு ஒன்றில் வலியுறுத்தினார். மொழி மாறிக்கொண்டே இருந்தால் தம் காலத்து நூல்களைப் பிற்காலத்தவர் படிக்க இயலாது போகும் என அவர் அஞ்சினார். அம்முயற்சி நிறைவேறவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755 ஆம் ஆண்டில் தமது புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, மொழியை மாறாமல் நிலைநிறுத்தலாம் என்ற தமது தொடக்ககால எண்ணம் ஈடேறக் கூடியதன்று என அதன் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

இதனால் ஆங்கிலத்துக்கு அதிகாரம் பெற்ற மொழிக் கழகம் எதுவும் இல்லாமற் போயிற்று. அவ்விடத்தைத் தனியார் எழுதிய இலக்கண நூல்களும், அகராதிகளும், பதிப்பகங்களின் நடைக் கையேடுகளும் நிரப்பின. சர்ச்சை எழும்போது இறுதித் தீர்ப்புக் கூறும் அமைப்பு இல்லாமையும் இம்முரண்பாடு முடிவின்றி நீள்வதற்கு ஒரு காரணமாகும்.

18 ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள்

18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வணிகமும் நகர வாழ்வும் வளர்ந்தன. சமூகத்தில் உயர விரும்பிய நடுத்தர வகுப்பினர் தமது பேச்சும் எழுத்தும் மேல்வகுப்பினருடையதை ஒத்திருக்க வேண்டும் என விரும்பினர். இதனால் இலக்கண நூல்களுக்குப் பெரும் தேவை உண்டாயிற்று. அக்காலக் கல்வியில் இலக்கணம் என்பது பெரும்பாலும் இலத்தீன் இலக்கணத்தையே குறித்தமையால், ஆங்கிலத்தையும் இலத்தீனின் அளவுகோலால் அளக்கும் போக்கு இந்நூல்களிற் காணப்பட்டது.

இவற்றுள் குறிப்பிடத்தக்கது, பின்னாளில் இலண்டன் ஆயராக விளங்கிய ராபர்ட் லோத் 1762 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு இலக்கண நூலாகும். புகழ்பெற்ற எழுத்தாளர்களின் வாக்கியங்களை எடுத்துக்காட்டி, அவற்றிலுள்ள பிழைகளை லோத் அடிக்குறிப்புகளிற் சுட்டிக்காட்டினார். 1795 ஆம் ஆண்டில் லிண்ட்லி மரே என்பவர் வெளியிட்ட இலக்கண நூல் லோத்தின் கருத்துகள் பலவற்றை எடுத்தாண்டது. அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த மரேயின் நூல், இரு நாடுகளிலும் பல பதிப்புகளைக் கண்டு, பல தலைமுறை மாணவர்களின் பாடநூலாக விளங்கியது.

வழக்கை முதன்மைப்படுத்தியோர்

அக்காலத்தவர் அனைவரும் விதிமுறையாளர்கள் அல்லர். பின்னர் ஆக்சிசன் ஆய்வுகளால் அறிவியல் உலகிற் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, 1761 ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். மொழிக்கு அளவுகோல் மக்களின் வழக்கே என்பது அவருடைய நிலைப்பாடு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் காம்ப்பெல் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட அணியியல் நூலில், நன்மதிப்புப் பெற்றதும், நாடு முழுவதற்கும் பொதுவானதும், நிகழ்காலத்துக்கு உரியதுமான வழக்கே மொழியின் சட்டம் என வரையறுத்தார். எனினும் பாடசாலைகளில் லோத், மரே ஆகியோரின் வழியே நிலைபெற்றது.

சர்ச்சைக்குரிய சில விதிகள்

வாக்கிய இறுதியில் முன்னிடைச்சொல்

டு, வித், ஃபார், ஆஃப் போன்ற சொற்கள் ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்கள் எனப்படும். தமிழில் வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் நின்று செய்யும் பணியை இவை பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நின்று செய்கின்றன. "யாரிடம் பேசுகிறாய்?" எனக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் "ஹூ ஆர் யூ டாக்கிங் டு?" என்பதே இயல்பான பேச்சு வழக்காகும். இங்கு "டு" இறுதியில் நிற்கிறது. விதிப்படி இது "டு ஹூம் ஆர் யூ டாக்கிங்?" என்றிருக்க வேண்டும்.

இவ்வமைப்பைக் குறை கூறியோருள் முக்கியமானவர் கவிஞர் ஜான் டிரைடன் ஆவார். 1672 ஆம் ஆண்டில் அவர், முந்திய தலைமுறையின் நாடகாசிரியரான பென் ஜான்சன் இவ்வாறு எழுதியிருப்பதை ஒரு குறையாகச் சுட்டினார். பின்னர், 1668 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நாடகம் பற்றிய கட்டுரையின் 1684 ஆம் ஆண்டுப் பதிப்பில், தமது வாக்கியங்களையும் இதற்கேற்பத் திருத்தினார். லோத்தோ இதனைத் தடை செய்யவில்லை. உரையாடலுக்கும் எளிய நடைக்கும் இது ஏற்றது என்றும், உயர்ந்த நடையில் முன்னிடைச்சொல்லை முன்னால் வைப்பதே அழகு என்றும் கூறினார். அதனைக் கூறும் அவருடைய வாக்கியத்திலேயே ஒரு முன்னிடைச்சொல் பிரிந்து பின்னால் நிற்கிறது. நடை பற்றிய இவ்வறிவுரையே பிற்காலப் பாடநூல்களில் முழுத் தடையாக மாறியது. இவ்விதியை எள்ளி வின்ஸ்டன் சர்ச்சில் கூறியதாக வழங்கும் வேடிக்கைக் கூற்றுக்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை.

பிளவு எச்சம்

ஆங்கிலத்தில் "டு கோ" என்பது போல "டு" சேர்ந்து வரும் வினை வடிவம், தமிழின் "போக", "செய்ய" முதலிய எச்சங்களை ஓரளவு ஒத்தது. "டு"வுக்கும் வினைக்கும் இடையில் ஒரு வினையடையைச் செருகினால் அது பிளவு எச்சம் எனப்படும். 1966 ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் முன்னுரையில் இடம்பெற்ற "டு போல்ட்லி கோ" என்பது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

இலத்தீனில் இவ்வடிவம் ஒரே சொல்லாக இருப்பதால் அதனைப் பிளக்க இயலாது என்றும், அதனைப் பின்பற்றியே ஆங்கிலத்திலும் இவ்விதி தோன்றியது என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. லோத்தே இதனை உருவாக்கினார் என்றும் சிலர் எழுதியுள்ளனர். ஆனால் லோத்தின் நூலில் இவ்விதி இல்லை. இதற்கான எதிர்ப்பு 19 ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. கேன்டர்பரி தலைமைக் குருவான ஹென்றி ஆல்ஃபோர்ட் 1864 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைக் கண்டித்தார். அவர் காட்டிய காரணம் இலத்தீன் அன்று. ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் இவ்வாறு எழுதுவதில்லை என்பதேயாகும். அதாவது, அவர் வழக்கையே சான்றாகக் காட்டினார். ஆனால் அச்சான்று சரியானதன்று. பிளவு எச்சத்துக்கு 13, 14 ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன.

ஹென்றி ஃபவுலர் 1926 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில வழக்குக் கையேட்டில், பிளவு எச்சத்தைத் தவிர்க்க முயன்று வாக்கியத்தைச் சிதைப்பதை விட அதனைப் பயன்படுத்துவதே மேல் எனக் கருத்துத் தெரிவித்தார்.

இவ்விதியின் நிழல் ஓர் அரசியல் நிகழ்விலும் படிந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 2009 சனவரி 20 ஆம் நாள் பராக் ஒபாமா பதவியேற்றபோது, உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், "வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்" என்னும் தொடரிலுள்ள "ஃபெய்த்ஃபுலி" என்ற வினையடையை இடம்பெயர்த்து இறுதியிற் கூறிவிட்டார். துணைவினைக்கும் வினைக்கும் இடையில் வினையடை வரக் கூடாது என்னும் தொடர்புடைய நம்பிக்கையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது உளவியலாளர் ஸ்டீவன் பிங்க்கரின் ஊகம். ஐயத்துக்கு இடமின்றி இருப்பதற்காக மறுநாள் உறுதிமொழி மீண்டும் எடுக்கப்பட்டது.

இரட்டை எதிர்மறை

"எனக்கு எதுவும் தெரியாது" என்னும் பொருளில் "ஐ டோன்ட் நோ நத்திங்" எனக் கூறுவது ஆங்கிலக் கிளைமொழிகள் பலவற்றில் இயல்பானது. இரு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகிவிடும் என்று கூறி 18 ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள் இதனை மறுத்தன. இது கணிதத்துக்குப் பொருந்தும் வாதமாகும். மொழிகளிலோ, ஓர் எதிர்மறையை மற்றொன்று வலுப்படுத்துவதும் உண்டு. எசுப்பானியம், உருசியம் முதலிய மொழிகளின் தரமான எழுத்து நடையில் இரட்டை எதிர்மறையே விதியாக உள்ளது. ஆங்கிலத்திலும் சாசர், ஷேக்ஸ்பியர் ஆகியோர் இதனைப் பயன்படுத்தியுள்ளனர்.

ஆயினும் இவ்விதி முன் கூறியவற்றிலிருந்து வேறுபட்டது. இன்றைய தரப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தில், சுருக்கமாகத் தர ஆங்கிலத்தில், இரட்டை எதிர்மறை உண்மையிலேயே வழக்கில் இல்லை. எனவே தர ஆங்கிலத்தை விளக்கும் எந்த இலக்கணமும் இவ்விதியைக் கூறும். "இது தர ஆங்கிலம் அன்று" என்பது சரி. "இது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது" என்பது தவறு என்பதே மொழியியலாளர்களின் நிலைப்பாடாகும்.

ஒருமைப் பொருளில் "தே"

"தே" என்பது ஆங்கிலத்தின் படர்க்கைப் பன்மைப் பெயராகும். ஆணா பெண்ணா எனத் தெரியாத ஒருவரைக் குறிக்கவும் இது 14 ஆம் நூற்றாண்டு முதல் பயன்பட்டு வருகிறது. ஜேன் ஆஸ்டினின் புதினங்களில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல உண்டு. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த ஆன் ஃபிஷரின் இலக்கண நூல், இத்தகைய இடங்களில் "ஹி" என்னும் ஆண்பாற் சொல்லே இருபாலையும் குறிக்கும் எனக் கூறிய முற்கால நூல்களுள் ஒன்றாகும்.

1850 ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் இதனைச் சட்டமாகவே ஆக்கியது. சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள், வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, பெண்களையும் உள்ளடக்கும் என அது வரையறுத்தது. 1867 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் "மேன்" என்ற சொல்லைப் பயன்படுத்தியமையால், அது தங்களையும் குறிக்கும் என மான்செஸ்டரைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடம் கோரினர். 1868 ஆம் ஆண்டில் சோர்ல்டன் எதிர் லிங்ஸ் என்னும் வழக்கில் நீதிமன்றம் இக்கோரிக்கையை நிராகரித்தது. இலக்கணம் பெண்களை உள்ளடக்குவதாகக் கூறிய சொல், வாக்குரிமை என்று வந்தபோது அவர்களை உள்ளடக்கவில்லை.

பன்மைச் சொல் ஒருமைக்கு வருவது ஆங்கிலத்துக்குப் புதியதன்று. இன்று ஒருமைக்கும் பன்மைக்கும் வழங்கும் "யூ" முன்பு பன்மைக்கே உரியதாக இருந்தது. ஒருமைக்கு "தௌ" என்னும் சொல் வழங்கியது. ஒருவரை "யூ" என்று அழைப்பது இலக்கணப் பிழை என்று குவேக்கர் இயக்கத்தை நிறுவிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660 ஆம் ஆண்டில் ஒரு நூலில் வாதிட்டார். இன்று அவ்வாறு கருதுவோர் எவரும் இல்லை.

லெஸ், ஃபியூவர்

எண்ணக் கூடிய பொருள்களுக்கு "ஃபியூவர்" என்றும், எண்ண இயலாதவற்றுக்கு "லெஸ்" என்றும் கூற வேண்டும் என்பது இவ்விதியாகும். 1770 ஆம் ஆண்டில் ராபர்ட் பேக்கர் என்பவர் இதனைத் தமது தனிப்பட்ட விருப்பமாகவே தெரிவித்தார். எண்ணக் கூடியவற்றுக்கு "லெஸ்" வழங்குவது 9 ஆம் நூற்றாண்டில் ஆல்பிரட் மன்னரின் காலத்திலேயே காணப்படுகிறது. பிரித்தானியாவின் டெஸ்கோ அங்காடிகளில் விரைவுப் பணப்பிரிவின் அறிவிப்பில் "லெஸ்" எனும் சொல் இடம்பெற்றிருந்தமை குறித்து முறைப்பாடுகள் எழுந்தன. 2008 ஆம் ஆண்டில் அந்நிறுவனம், இரு சொற்களையும் தவிர்த்து "10 பொருள்கள் வரை" என்னும் பொருள்படும் தொடருக்கு மாறியது.

அகராதிச் சர்ச்சை

1961 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெப்ஸ்டரின் மூன்றாம் பன்னாட்டு அகராதி வெளிவந்தது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஃபிலிப் கோவ், ஒரு சொல் எவ்வாறு வழங்குகிறது என்பதைப் பதிவு செய்வதே அகராதியின் பணி எனக் கருதினார். இதனால் முந்திய பதிப்பில் இருந்த "பேச்சு வழக்கு" என்ற குறிப்பு நீக்கப்பட்டது. "எய்ன்ட்" என்ற சொல்லை இந்த அகராதி அங்கீகரித்துவிட்டது எனச் செய்தித்தாள்கள் எழுதின. அச்சொல் 1934 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இடம்பெற்றிருந்தது என்பதும், பலர் அதனை ஏற்பதில்லை எனப் புதிய பதிப்பும் குறிப்பிட்டிருந்தது என்பதும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

நியூ யார்க் டைம்ஸ் தனது பணியாளர்களைப் பழைய பதிப்பையே பின்பற்றுமாறு அறிவுறுத்தியது. விமர்சகர் டுவைட் மெக்டொனால்ட் 1962 ஆம் ஆண்டில் த நியூ யார்க்கர் இதழில் நீண்ட கண்டனம் எழுதினார். அதே ஆண்டில் வெளிவந்த ரெக்ஸ் ஸ்டவுட்டின் துப்பறியும் புதினம் ஒன்றில், கதைத்தலைவன் இவ்வகராதியின் தாள்களைக் கிழித்து நெருப்பிலிடுவதாக ஒரு காட்சி இடம்பெற்றது. இதற்கு மாற்றாக 1969 ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி வெளிவந்தது. எழுத்தாளர்கள், இதழாளர்கள் முதலிய ஏறத்தாழ 100 பேரைக் கொண்ட வழக்குக் குழு ஒன்றின் கருத்துகளை அது வாக்கு விழுக்காட்டுடன் வெளியிட்டது. அக்குழு 2018 ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது.

மொழித் தரவகங்கள்

20 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இவ்விவாதத்தின் தன்மை மாறியது. எது வழக்கு என்பதை ஊகிக்காமல் எண்ணிப் பார்க்க முடிந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ராண்டால்ஃப் குவர்க் வழிநடத்திய ஆங்கில வழக்கு ஆய்வுத் திட்டம் 1959 ஆம் ஆண்டிலும், பிரவுன் பல்கலைக்கழகத்தின் 10 இலட்சம் சொற்கள் கொண்ட கணினித் தரவகம் 1964 ஆம் ஆண்டிலும் உருவாயின. 1990களில் வெளிவந்த பிரித்தானியத் தேசியத் தரவகம் 10 கோடிச் சொற்களைக் கொண்டது. இத்தகைய தரவுகளின் துணையுடன் குவர்க்கும் பிறரும் எழுதிய பேரிலக்கணம் 1985 ஆம் ஆண்டிலும், ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோர் முதன்மை ஆசிரியர்களாக விளங்கிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் 2002 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

சமூக விளைவுகள்

பாடசாலை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலக் கிளைமொழி நீண்டகாலமாகச் சிதைந்த ஆங்கிலம் எனக் கருதப்பட்டு வந்தது. வில்லியம் லாபோவ் முதலிய மொழியியலாளர்கள் 1960களில் நிகழ்த்திய ஆய்வுகள், அது தனக்கேயுரிய விதிகளைக் கொண்டது எனக் காட்டின. எடுத்துக்காட்டாக, அக்கிளைமொழியில் "ஹி வொர்க்கிங்" என்றால் அவன் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான் என்பது பொருள். "ஹி பி வொர்க்கிங்" என்றால் வழக்கமாக வேலை செய்பவன் என்பது பொருள். தர ஆங்கிலத்தின் வினை வடிவம் தனித்துக் காட்டாத ஒரு வேறுபாட்டை இங்கு இலக்கணமே காட்டுகிறது.

1979 ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. வாசிப்பைக் கற்பிக்கும்போது மாணவரின் வீட்டு மொழியைக் கருத்திற் கொள்ளப் பள்ளி மாவட்டம் தவறிவிட்டது என அது கூறியது. 1996 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து பள்ளி வாரியம் இக்கிளைமொழியின் துணையுடன் தர ஆங்கிலத்தைக் கற்பிக்கத் தீர்மானித்தபோது நாடு முழுவதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1997 சனவரியில் அமெரிக்க மொழியியல் கழகம் அம்முறை மொழியியல் நோக்கிலும் கற்பித்தல் நோக்கிலும் சரியானது எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே தீர்மானம் தர ஆங்கிலத்தைக் கற்பதன் பயனையும் ஒப்புக்கொண்டது.

இங்கிலாந்தில் 2013 ஆம் ஆண்டு முதல், தொடக்கப் பள்ளியின் இறுதி ஆண்டு மாணவர்களுக்கு இலக்கணம், நிறுத்தற்குறி, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றில் தேசியத் தேர்வு நடத்தப்படுகிறது. 2016 ஆம் ஆண்டில் வானொலி நேர்காணல் ஒன்றில், ஒரு வாக்கியத்தில் துணை வாக்கியத்துக்கு முன் வந்த "ஆஃப்டர்" என்னும் சொல் எவ்வகையைச் சேர்ந்தது எனப் பள்ளிகள் துறை அமைச்சர் நிக் கிப்பிடம் கேட்கப்பட்டது. அவர் முன்னிடைச்சொல் என்றார். தேர்வின்படி அது இணைப்புச் சொல் ஆதலின் விடை தவறு எனக் கூறப்பட்டது. ஆனால் 2002 ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் இலக்கணம் அத்தகைய இடங்களிலும் இச்சொல்லை முன்னிடைச்சொல்லாகவே வகைப்படுத்துகிறது. பத்து வயதுச் சிறுவருக்கு ஒரே விடை உண்டு எனக் கற்பிக்கப்படும் கேள்வி, இலக்கண அறிஞர்களிடையே இன்னும் விவாதத்துக்கு உரியதாக உள்ளது.

நீதிமன்றம்

பிலடெல்பியா நகர நீதிமன்றச் சுருக்கெழுத்தர்கள் 27 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க மொழியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. கறுப்பினக் கிளைமொழியில் பதிவு செய்யப்பட்ட வாக்கியங்களை எழுதுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். சுமார் 40 விழுக்காடு வாக்கியங்கள் பிழையாக எழுதப்பட்டன. சாட்சி கூறியதற்கும் பதிவேட்டில் உள்ளதற்கும் இத்தகைய வேறுபாடு இருக்குமாயின், அது வழக்கின் முடிவையே பாதிக்கக் கூடும். ஒரு கிளைமொழியை இலக்கணம் அற்றது எனக் கருதும் சமூகத்தில், அதன் இலக்கணத்தைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் எழுவதில்லை என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

பிற நாடுகளின் ஆங்கிலம்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட நாடுகளில் இக்கேள்வி வேறு வடிவம் பெறுகிறது. எந்த நாட்டாரின் வழக்கை வழக்கு எனக் கொள்வது என்பதே அக்கேள்வி. 1980களின் நடுப்பகுதி முதல் 1990களின் தொடக்கம் வரை ராண்டால்ஃப் குவர்க்குக்கும், காஷ்மீரிற் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரூவுக்கும் இடையே இது குறித்து நடைபெற்ற விவாதம் புகழ்பெற்றது. கற்பித்தலுக்குத் தாய்மொழியாளரின் தர ஆங்கிலமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்றார் குவர்க். இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் ஆங்கிலம் பிழைகளின் தொகுப்பு அன்று, தனக்குரிய நெறிகளைக் கொண்ட வகை என்றார் கச்ரூ. பிரித்தானிய வழக்கை விளக்கமுறையில் ஆராய்ந்த குவர்க், பிற நாட்டு ஆங்கிலத்தைப் பொறுத்தவரை விதிமுறையாளரின் நிலையை எடுத்தமை குறிப்பிடத்தக்கது.

குறித்த நாளுக்கு முன்னதாக மாற்றுதல் என்னும் பொருளில் இந்தியாவில் வழங்கும் "பிரிபோன்" என்ற சொல் இன்று ஆக்ஸ்போர்டு அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. அதே வேளையில், இந்தியப் பள்ளிகளில் 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூல் திருத்திய பதிப்புகளில் இன்றும் பயன்படுகிறது. சிங்கப்பூர் அரசு 2000 ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கி, சிங்கிலிஷ் எனப்படும் உள்ளூர்ப் பேச்சு வழக்குக்குப் பதிலாகத் தர ஆங்கிலத்தை வலியுறுத்தியது.

இரு தரப்பு வாதங்கள்

விதிமுறை இலக்கணத்தை ஆதரிப்போர் பின்வரும் காரணங்களை முன்வைக்கின்றனர்.

- பல நாடுகளில் வழங்கும் மொழிக்குப் பொதுவான எழுத்து வடிவம் வேண்டும். அது இல்லாவிடின் ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்காது போகும்.
- சட்டம், அறிவியல் முதலிய துறைகளில் ஐயத்துக்கு இடமற்ற நடை தேவை.
- தர ஆங்கிலம் அறியாதவரை வேலை தருவோரும் தேர்வாளரும் குறைவாக மதிப்பிடுகின்றனர். எனவே அதனைக் கற்பிக்காமல் விடுவது ஏழை மாணவருக்கே தீங்காகும்.

இவ்விதிகளை ஐயுறுவோர் பின்வருமாறு விடையளிக்கின்றனர்.

- தர ஆங்கிலத்தைக் கற்பிப்பதை அவர்கள் மறுக்கவில்லை. தர ஆங்கிலத்திலேயே இல்லாத விதிகளை அதன் பெயரால் கற்பிப்பதையே மறுக்கின்றனர்.
- தெளிவுக்காக எனக் கூறப்படும் விதிகள் பலவற்றால் தெளிவு கூடுவதில்லை. சிலவேளைகளில் குறையவும் செய்கிறது.
- கிளைமொழி பேசுவோரைச் சிந்தனைத் திறன் அற்றவர் எனக் காட்ட இலக்கணம் ஒரு கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட கருத்துகளும் உண்டு. அமெரிக்க அகராதியியலாளர் பிரையன் கார்னர், தம்மை விதிமுறையாளர் என அழைத்துக்கொண்ட போதிலும், ஒரு புதிய வழக்கு எந்த அளவுக்கு ஏற்கப்பட்டுள்ளது என்பதை ஐந்து படிநிலைகளாகத் தரவுகளுடன் காட்டுகிறார். ஸ்டீவன் பிங்க்கர் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட நடைக் கையேடு, ஆதாரமற்ற விதிகளை நீக்கிவிட்டுப் பயனுள்ள விதிகளைக் கற்பிக்க முயல்கிறது.

இன்றைய நிலை

விதிகளைக் காத்துவந்த நிறுவனங்களே பலவற்றைத் தளர்த்தியுள்ளன. "நல்லபடி நடக்கும் என நம்பலாம்" என்னும் பொருளில் "ஹோப்ஃபுலி" வழங்குவதை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு 2012 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஒருமைப் பொருளிலான "தே"யை அதே கையேடு 2017 ஆம் ஆண்டில் வரையறையுடனும், அமெரிக்க உளவியல் கழகத்தின் கையேடு 2019 ஆம் ஆண்டில் முழுமையாகவும் ஏற்றன. மெரியம் வெப்ஸ்டர் நிறுவனம் 2019 ஆம் ஆண்டின் சொல்லாக "தே"யைத் தேர்ந்தெடுத்தது. பிளவு எச்சத்தைத் தவிர்த்து வந்த தி எக்கனாமிஸ்ட் இதழும் 2018 ஆம் ஆண்டில் தனது நடைக் கையேட்டில் அதற்கு இடமளித்தது.

எனினும் ஒரு விதி கையேட்டிலிருந்து நீங்கிய உடனே அது மக்கள் மனத்திலிருந்து நீங்குவதில்லை. விண்ணப்பக் கடிதத்தைப் படிப்பவர் பழைய விதியை நம்புவாராயின், அதனை மீறி எழுதியவருக்கு இழப்பு நேரலாம். ஆகவே ஆங்கிலம் கற்பவர் இரண்டையும் அறிந்திருத்தல் பயனுடையது. முதலாவது, தர ஆங்கிலத்தின் உண்மையான அமைப்பு. இரண்டாவது, எவ்விதிகள் அவ்வமைப்பைச் சாராமல் பிறருடைய எதிர்பார்ப்பை மட்டுமே சார்ந்துள்ளன என்பது.